கூட்டு உத்தரவாதம் காக்காத நாடு: லக்ஸம்பர்க் நடுநிலையின் சட்ட வரலாறு

1914 ஆகஸ்ட் 4 இரவு ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்தது. ஊரறியச் சொல்லப்பட்ட காரணம் பெல்ஜியம். அந்நாட்டின் நடுநிலையைக் காப்பதாக 1839-இல் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஜெர்மனி அதை மீறிவிட்டது, இனி சும்மா இருப்பதற்கில்லை என்றது லண்டன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பே, ஆகஸ்ட் 2 அன்று, ஜெர்மன் படைகள் இன்னொரு நடுநிலை நாட்டுக்குள் புகுந்து அதன் தலைநகரைப் பிடித்துவிட்டிருந்தன. அந்த நாட்டின் நடுநிலைக்கும் பிரிட்டன் கையெழுத்திட்டிருந்தது: 1867-இல், அதே லண்டனில். அந்தக் கையெழுத்தின் பேரில் யாரும் போருக்குப் புறப்படவில்லை.

லக்ஸம்பர்க்கின் அந்த நாட்களை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும். பெல்ஜியத்தின் கடற்கரை இங்கிலாந்துக்கு எதிரே இருக்கிறது, லக்ஸம்பர்க்குக்குக் கடலே இல்லை, பிரிட்டன் எதற்காகப் போருக்குப் போகும் என்று தெரிந்துகொள்ள நிலப்படமே போதும் என்பார்கள். தவறில்லை. ஆனால் நிலப்படத்தை மட்டும் காட்டி எந்த வெளியுறவு அமைச்சரும் பதில் சொல்லித் தப்பித்துவிட முடியாது. கைவிடுவதற்கும் சட்டத்தில் ஒரு வழி வேண்டும். லக்ஸம்பர்க் விஷயத்தில் அந்த வழி 47 ஆண்டுகளுக்கு முன்பே, உடன்படிக்கை கையெழுத்தான சில வாரங்களுக்குள்ளேயே, திறந்துவைக்கப்பட்டிருந்தது.

கோட்டையால் வந்த வினை

லக்ஸம்பர்க்கின் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. தலைநகரம் செங்குத்துப் பாறைகளின் மேல் அமைந்தது. ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரியர் என்று அடுத்தடுத்து வந்த எசமானர்கள் எல்லோரும் அங்கே சுவர் மேல் சுவர் எழுப்பி, பாறைக்குள் சுரங்கம் குடைந்து, அதை ஐரோப்பாவின் பெரும் கோட்டைகளில் ஒன்றாக்கினார்கள். ‘வடக்கின் ஜிப்ரால்டர்’ என்ற பெயர் அதனால் வந்தது. அந்த நாட்டின் தலையெழுத்தை நெடுங்காலம் தீர்மானித்தது மக்களோ மன்னரோ அல்ல, இந்தக் கோட்டைதான்.

நெப்போலியன் வீழ்ந்தபின் 1815 வியன்னா மாநாடு லக்ஸம்பர்க்கை ஒரு கிராண்ட் டச்சி (கிராண்ட் டியூக் என்ற பட்டம் கொண்டவர் ஆளும் நாடு) ஆக்கி, நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியமின் கையில் கொடுத்தது. ஜெர்மனியில் அவர் குடும்பம் இழந்த நாசாவ் நிலங்களுக்கு அது ஈடு. ஆனால் அதே நாடு ஜெர்மானியக் கூட்டமைப்பிலும் உறுப்பினர். கோட்டை கூட்டமைப்பின் கோட்டை, அதில் நிற்பதோ வட ஜெர்மனியின் வலிய அரசான பிரஷ்யாவின் படை. அரசர் டச்சுக்காரர், காவலர் பிரஷ்யர், சட்டம் ஜெர்மானியக் கூட்டமைப்பினுடையது என்று ஒரு சிக்கல் முடிச்சு விழுந்தது. 1830-இல் பெல்ஜியம் கிளர்ந்தெழுந்தது. அதன் முடிவாக 1839 ஏப்ரல் 19 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கைகள் பெல்ஜியத்தைச் சுதந்திரமான, நிரந்தர நடுநிலை நாடாக்கின. கூடவே லக்ஸம்பர்க்கின் பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதியையும் பெல்ஜியத்துக்குக் கொடுத்தன. பரப்பில் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சமிருந்த நாடு 1842-இல் பிரஷ்யா தலைமையிலான ஜெர்மன் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தது.

1866-இல் பிரஷ்யா ஆஸ்திரியாவைத் தோற்கடித்தது, ஜெர்மானியக் கூட்டமைப்பு கலைந்தது. கூட்டமைப்பே இல்லாதபோது அதன் கோட்டையில் பிரஷ்யச் சிப்பாய் எந்த உரிமையில் நிற்கிறார்? பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பிரஷ்யா பெருத்துவிட்டது, தனக்கும் ஏதாவது வேண்டும் என்று, நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லியமிடம் 50 லட்சம் கில்டருக்கு லக்ஸம்பர்க்கை விலை பேசினார். மன்னருக்கும் சம்மதம்தான். விஷயம் வெளியே வந்தது. 1867 ஏப்ரல் 1 அன்று வட ஜெர்மன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் பென்னிக்சன் எழுந்து, ஜெர்மன் மண் விற்கப்படுகிறதா என்ற தொனியில் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கிடம் கேள்வி எழுப்பினார். நாடே கொதித்தது, மன்னர் பின்வாங்கினார். பிரான்ஸும் பிரஷ்யாவும் போரின் விளிம்பில் நின்றன. சுமார் 2 லட்சம் மக்களைக் கொண்ட அந்த நாட்டிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்கைந்து நாளில் ஒரு நாடு

லண்டனில் மே 7 அன்று மாநாடு கூடியது, மே 11 அன்று உடன்படிக்கை தயார். ஆஸ்திரியா, பெல்ஜியம், பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி, நெதர்லாந்து, பிரஷ்யா, ரஷ்யா என எட்டுக் கையெழுத்துகள். பேரத்தின் சாரம் எளிது. பிரான்ஸுக்கு லக்ஸம்பர்க் கிடையாது, பிரஷ்யப் படையும் வெளியேற வேண்டும், கோட்டையை இடித்துவிட வேண்டும். நாடு ஆரஞ்சு-நாசாவ் குடும்பத்தின் கிராண்ட் டச்சியாகவே தொடரும், நடுநிலை வகிக்கும்.

சட்டத்தின் நுணுக்கம் எல்லாம் இரண்டாம் ஷரத்தில் இருக்கிறது. லக்ஸம்பர்க் ‘இனி என்றென்றைக்கும் நடுநிலை நாடாக இருக்கும்’ என்றும், மற்ற எல்லா நாடுகளிடமும் அதே நடுநிலையைக் கடைப்பிடிக்கக் கடமைப்பட்டது என்றும் அது சொல்கிறது. கையெழுத்திட்டவர்கள் இந்தக் கொள்கையை மதிப்பதாக உறுதியளிக்கிறார்கள். அதன்மேல், கையெழுத்திட்ட நாடுகளின் ‘கூட்டு உத்தரவாதம்’ வைக்கப்படுகிறது. இதில் பெல்ஜியத்துக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அதுவே ஒரு நடுநிலை நாடு. உத்தரவாதம் கொடுத்தால் ஒருநாள் அதற்காகச் சண்டை போட நேரலாம், நடுநிலை நாட்டால் அது முடியாது என்பது காரணம். பெல்ஜியத்தை விலக்கியபோது, உத்தரவாதம் என்றால் போர் என்பதை மாநாட்டு மேசை ஒப்புக்கொண்டது என்றுதான் படிக்க வேண்டும். பின்னால் பிரிட்டன் சொன்ன விளக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் சுவாரசியம்.

மூன்றாம், ஐந்தாம் ஷரத்துகள் கோட்டையைப் பற்றியவை. நடுநிலை வந்தபின் கோட்டைக்குத் தேவையில்லை என்ற தர்க்கத்தில், தலைநகரம் திறந்த நகரமாக மாற்றப்படும், அரண்கள் மறுபடி கட்டப்படா, அங்கே எந்த ராணுவ நிலையமும் இருக்காது, ஒழுங்கைக் காக்கப் போதுமான படையினரை மட்டும் கிராண்ட் டியூக் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். இதைப் படித்ததும் பெல்ஜியத் தூதர் வான் டி வெயருக்குக் கவலை வந்தது. நடுநிலை நாட்டுக்குக் கோட்டை தேவையில்லை என்றால் பெல்ஜியத்தின் கோட்டை நகரமான ஆண்ட்வெர்ப்பின் கதி என்ன? மற்ற நடுநிலை நாடுகள் தங்கள் கோட்டைகளை வைத்துக்கொள்ளவும் மேம்படுத்தவும் உள்ள உரிமையை இந்த ஷரத்து பாதிக்காது என்று ஒரு தனி அறிவிப்பை அவர் வாங்கிக்கொண்டார். லக்ஸம்பர்க்குக்காக அப்படி வாதாட அங்கே யாருக்கும் மனமில்லை. சுவிட்சர்லாந்தின் நடுநிலையை 1815 நவம்பர் 20 அன்று வல்லரசுகள் அங்கீகரித்தன, ஆனால் அதைக் காக்கும் துப்பாக்கி சுவிஸ் குடிமகனின் வீட்டிலேயே இருந்தது. பெல்ஜியத்துக்கும் சொந்த ராணுவம் இருந்தது. லக்ஸம்பர்க்கின் நடுநிலை மட்டும் முற்றாக மற்றவர்கள் வாக்கின் மேல் நிறுத்தப்பட்டது.

செப்டம்பரில் பிரஷ்யப் படை வெளியேறியது. கோட்டையை இடிக்க 1883 வரை ஆயிற்று. பாறைக்குள் ஓடிய சுரங்கங்களை முழுதும் தகர்த்தால் மேலிருக்கும் ஊரும் சேர்ந்து விழும் என்பதால் அவற்றில் பெரும் பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். 1868 அக்டோபர் 17 அன்று வந்த அரசியலமைப்பின் முதல் ஷரத்தே நாட்டைச் சுதந்திரமானது, பிரிக்க முடியாதது, நிரந்தர நடுநிலை கொண்டது என்று அறிவித்தது. அடுத்தவர்கள் போட்ட ஒப்பந்தம் உள்நாட்டுச் சட்டத்தின் முதல் வரியாயிற்று.

அப்பனும் மகனும் சொன்ன விளக்கம்

பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஸ்டான்லிக்கு ஆரம்பம் முதலே உத்தரவாதம் பிடிக்கவில்லை. அவர் கொண்டுவந்த வரைவில் நடுநிலையை ‘மதிப்போம்’ என்பதோடு நின்றிருந்தது. அது போதாது, ஐரோப்பிய உத்தரவாதம் இல்லாமல் கோட்டையை விட்டுப் போக மாட்டோம் என்று பிரஷ்யத் தூதர் பெர்ன்ஸ்டார்ஃப் அடம்பிடித்தார். மாநாடு முறியும் நிலை வந்தபோதுதான் ‘கூட்டு உத்தரவாதம்’ என்பதற்கு ஸ்டான்லி இணங்கினார்.

இணங்கிய கையோடு அதைக் கழற்றவும் ஆரம்பித்தார். ஜூன் மாதம் கீழவையில் கேள்வி எழுந்தபோது அவர் தந்த விளக்கத்தின் சாரம் இது: இது கூட்டுப் பொறுப்பு, கையெழுத்திட்ட எல்லோரும் சேர்ந்தால்தான் செயல்படும், தனியாக எந்த நாடும் படை அனுப்பக் கடமைப்பட்டதல்ல. போர் தொடுக்கும் உரிமையை இது தரலாம், போர் தொடுக்கும் கடமையைச் சுமத்தாது. மேலவையில் இதையே பிரதமர் டார்பி பிரபு சொன்னார். டார்பி ஸ்டான்லியின் தகப்பனார். பெல்ஜியத்துக்கு 1839-இல் கொடுத்தது ஒவ்வொரு நாடும் தனித்தனியே பொறுப்பேற்ற உத்தரவாதம், இது அப்படியல்ல என்ற வேற்றுமையும் அந்தக் கோடையில்தான் துலக்கமாக வகுக்கப்பட்டது. பெர்லினில் எரிச்சல். உத்தரவாதத்தை நம்பித்தானே படையை வாபஸ் வாங்கினோம் என்று அங்கே பொருமினார்கள்.

வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆறு பேர் ஜாமீன் போட்டால், பணம் வராதபோது வங்கி ஆறு பேரில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழுத் தொகையும் கேட்கலாம் என்பது ஒரு வகை. ஆறு பேரும் ஒன்றாக வந்தால்தான் தருவோம், ஒருவர் வராவிட்டாலும் யாரும் தர வேண்டியதில்லை என்பது ஸ்டான்லி சொன்ன வகை. இந்த இரண்டாம் வகையில் வங்கிக்கு என்ன லாபம்? லக்ஸம்பர்க்கின் நிலைமை இன்னும் மோசம். அதன் நடுநிலையை மீறக்கூடிய நிலையில் இருந்தவை இரண்டே நாடுகள், பிரான்ஸும் பிரஷ்யாவும். இரண்டும் உத்தரவாதம் கொடுத்தவை. மீறுபவரும் உத்தரவாதம் கொடுத்தவராக இருந்தால் ‘எல்லோரும் சேர்ந்து’ என்ற நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது. உத்தரவாதம் தேவைப்படும் அந்தக் கணத்திலேயே அது செல்லாமல் போய்விடும். இதைவிடக் கச்சிதமாக ஒரு வெற்று வாக்குறுதியை எழுத முடியுமா என்று தெரியவில்லை.

பிரிட்டிஷ் விளக்கத்தை அன்றே பல சட்ட அறிஞர்கள் ஏற்கவில்லை. ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தைப் பொருளற்றதாக்கும் விளக்கம் தவறான விளக்கம் என்பது சட்டத்தின் பழைய விதி. எனக்கும் அவர்கள் பக்கமே சரியாகப் படுகிறது. பெல்ஜியத்தை விலக்கிய வாசகமே ஸ்டான்லிக்கு எதிரான சாட்சி: கடமை ஏதும் இல்லையென்றால் விலக்கு எதற்கு? ஆனால் இதைத் தீர்த்துவைக்க அன்று நீதிமன்றம் எதுவும் இல்லை. கையெழுத்திட்டவர் சொல்வதே விளக்கம்.

காவலர்களே விழுங்கிவிடும் ஆபத்து கற்பனையும் அல்ல. 1815 வியன்னா மாநாடு கிராக்கோவ் நகரைச் சுதந்திரமான, கண்டிப்பாக நடுநிலையான நகரம் என்று அறிவித்து ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா மூன்றின் பாதுகாப்பில் வைத்தது. 1846-இல் மற்ற இரண்டின் சம்மதத்தோடு ஆஸ்திரியா அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

தண்டவாளத்தின் மேல் ஒரு ஷரத்து

முதல் சோதனை மூன்றே ஆண்டில் வந்தது. 1870-இல் பிரான்ஸும் பிரஷ்யாவும் மோதின. பெல்ஜியத்துக்காக பிரிட்டனின் கிளாட்ஸ்டன் அரசு ஆகஸ்டில் இரு தரப்போடும் தனித்தனியே புது ஒப்பந்தம் போட்டது. 1839 உத்தரவாதமே போதுமென்றால் புதிது எதற்கு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. லக்ஸம்பர்க்குக்கு அந்த அக்கறையும் கிடைக்கவில்லை. டிசம்பர் 3 அன்று பிஸ்மார்க்கிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முற்றுகையில் இருந்த தியோன்வில் கோட்டைக்கு லக்ஸம்பர்க்கிலிருந்து ரயிலில் இரவோடிரவாக உணவு போயிருக்கிறது, பிரெஞ்சுக் கோட்டை நகரமான மெட்ஸ் வீழ்ந்தபின் தப்பிய பிரெஞ்சு வீரர்கள் லக்ஸம்பர்க் வழியாக ஊர் திரும்ப அங்கிருந்த பிரெஞ்சுத் துணைத்தூதர் உதவியிருக்கிறார், நீங்கள் நடுநிலையைக் காக்கவில்லை, ஆகவே இனி பிரஷ்யாவும் அதற்குக் கட்டுப்பட்டதல்ல என்றது கடிதம்.

இரண்டாம் ஷரத்தின் மறுபக்கம் இது. நடுநிலை மற்றவர்கள் தரும் பாதுகாப்பு மட்டுமல்ல, அந்த நாடு செலுத்த வேண்டிய கடமையும்கூட. செலுத்தத் தவறினால் பாதுகாப்பும் போகும் என்பது பிஸ்மார்க்கின் வாதம். அரசின் தலைமை அமைச்சர் எமானுவேல் செர்வே நிதானமாகப் பதில் எழுதினார்: தனியார் செய்த வணிகத்துக்கும் வெளிநாட்டுத் தூதர் செய்த காரியத்துக்கும் அரசு பொறுப்பல்ல. செர்வே 1867 மாநாட்டில் நேரில் உட்கார்ந்தவர், எந்த வாசகம் எப்படி வந்தது என்று அறிந்தவர். மிரட்டல் மெல்ல அடங்கியது. ஆனால் பிஸ்மார்க்குக்கு வேண்டியது வேறு வழியில் கிடைத்தது. அதுதான் ரயில்.

லக்ஸம்பர்க்கின் முக்கிய ரயில் பாதைகளைப் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று நடத்திவந்தது. போரில் வென்ற பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மனி ஒரே பேரரசாயிற்று, 1871 சமாதானத்தில் அந்த உரிமை அதற்கு மாறியது. 1872 ஜூன் 11 அன்று லக்ஸம்பர்க் அதற்கு ஒப்பந்தம் போட்டது. நடுநிலை நாட்டின் ரயில்வேயை, பிரான்ஸிடமிருந்து பறித்த அல்சாஸ்-லொரேன் பகுதியின் பாதைகளை நடத்திய அதே ஜெர்மன் அரசு நிர்வாகம் நடத்தும். பதிலுக்கு ஒரு ஷரத்து: இந்தப் பாதைகளைப் படைகளையோ ஆயுதங்களையோ வெடிமருந்தையோ ஏற்றிச்செல்ல ஜெர்மனி ஒருபோதும் பயன்படுத்தாது, போர்க்காலத்தில் நடுநிலைக்கு ஒவ்வாத வகையில் படைகளுக்கு உணவும் கொண்டுபோகாது. 1902-இல் இது 1959 வரைக்கும் நீட்டிக்கப்பட்டது. என் பார்வையில் 1867-இன் வெற்று உத்தரவாதத்தைவிட உருப்படியான ஷரத்து இதுதான். யார், எதை, எந்தத் தண்டவாளத்தில் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் அதற்கும் சாவி ஜெர்மானியர் கையில்.

சுங்க ஒன்றியமும் அப்படித்தான். ஒரு வல்லரசின் சுங்க எல்லைக்குள் இருந்துகொண்டு அந்த வல்லரசின் போரில் ஒரு நாடு நடுநிலையாக இருக்க முடியுமா? 1867-இல் யாரும் இதைப் பிரச்சினையாக்கவில்லை. 1931-இல் ஜெர்மனியோடு சுங்க ஒன்றியம் அமைக்க ஆஸ்திரியா முயன்றபோது, அது 1922-இல் ஆஸ்திரியா தன் சுதந்திரம் குறித்துக் கொடுத்த வாக்குறுதிக்கு முரண் என்று நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் 8-க்கு 7 என்ற கணக்கில் கருத்துச் சொன்னது. லக்ஸம்பர்க் அப்படியொரு ஒன்றியத்தில் முக்கால் நூற்றாண்டு இருந்தது, அதன் எஃகுத் தொழில் வளர்ந்ததே அந்த ஒன்றியத்தின் சந்தையில்தான்.

1890-இல் மூன்றாம் வில்லியம் இறந்தார். நெதர்லாந்து மகள் வில்ஹெல்மினாவுக்குப் போயிற்று, லக்ஸம்பர்க் பழைய குடும்ப ஒப்பந்தப்படி நாசாவ் வம்சத்து அடால்ஃபுக்கு வந்தது. முதல்முறையாகச் சொந்த அரச குடும்பம். 1888 முதல் ஆட்சியை நடத்திய பால் எய்ஷன் சட்டம் படித்தவர், 1899, 1907 ஹேக் மாநாடுகளுக்கு நேரில் போனவர். 1907-இன் ஐந்தாம் ஹேக் உடன்படிக்கை நடுநிலை நாட்டின் நிலம் மீறப்பட முடியாதது என்றது, போரிடும் நாடு அதன் வழியே படை நடத்தக் கூடாது என்றது. ஐந்தாம் ஷரத்து, அப்படி நடக்க நடுநிலை நாடும் விடக் கூடாது என்றது. பத்தாம் ஷரத்து, ஆயுதம் ஏந்தித் தடுத்தாலும் அது பகைச் செயல் ஆகாது என்றது. தடுக்க வேண்டும், தடுக்கலாம். எய்ஷனிடம் இருந்தது சில நூறு காவல்படையினரும் தொண்டர் படையினரும்.

1914

ஆகஸ்ட் 1 மாலை வடக்கே ட்ருவாவியெர்ஜ் ரயில் நிலையத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் சிலர் வந்திறங்கித் தந்திக் கருவிகளைக் கைப்பற்றினார்கள். சிறிது நேரத்தில் இன்னொரு குழு வந்து, தவறு நடந்துவிட்டது என்று சொல்லி அவர்களைத் திருப்பி அழைத்துப் போனது. பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று லண்டனிலிருந்து வந்த ஒரு தந்தியை நம்பி ஜெர்மன் பேரரசர் கெய்சர் மேற்குப் படையெடுப்பை நிறுத்தச் சொன்னதன் விளைவு அது. இரவுக்குள் அந்த நம்பிக்கை பொய்த்தது. மறுநாள் விடியலில் அவர்கள் திரும்பி வந்தார்கள், இம்முறை தவறென்று யாரும் சொல்லவில்லை.

எய்ஷன் எல்லாத் தலைநகரங்களுக்கும் கண்டனத் தந்தி அனுப்பினார். இளம் கிராண்ட் டச்சஸ் மரி-அடெலாய்ட் கெய்சருக்கே எழுதினார். பெர்லினிலிருந்து வெளியுறவுச் செயலர் யாகோவ் தந்த பதில் கவனிக்கத்தக்கது: இது லக்ஸம்பர்க்குக்கு எதிரான பகைச் செயல் அல்ல, எங்கள் நிர்வாகத்தில் உள்ள ரயில் பாதைகளைப் பிரெஞ்சுத் தாக்குதலிலிருந்து காக்கும் ஏற்பாடு மட்டுமே, சேதம் வந்தால் ஈடு தருவோம். படை போகக் கூடாது என்று எழுதிவைத்த அதே ரயில் ஒப்பந்தம், படை வந்ததற்குச் சாக்காயிற்று. பிரெஞ்சுப் படை எதுவும் வரவில்லை. ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பிரதமர் பெத்மன் ஹோல்வெக், லக்ஸம்பர்க்கிலும் பெல்ஜியத்திலும் செய்வது பன்னாட்டுச் சட்டத்துக்கு மாறானது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆபத்துக்குப் பாவமில்லை என்பது அவர் நியாயம், போர் இலக்கு நிறைவேறியதும் இந்த அநீதியைச் சரிசெய்வோம் என்பது அவர் வாக்கு.

பிரிட்டனின் பதில் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆகஸ்ட் 2 அன்று பிரெஞ்சுத் தூதர் பால் கம்போன் லக்ஸம்பர்க் பற்றிக் கேட்டபோது, வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே 1867 விளக்கத்தை எடுத்துக்காட்டினார். பெல்ஜியத்தின் நடுநிலையை மற்றவர் துணையில்லாமலேயே பிரிட்டன் காக்க வேண்டும், லக்ஸம்பர்க்குக்கோ உத்தரவாதம் கொடுத்த எல்லோரும் ஒன்றாகச் செயல்பட வேண்டும். எல்லோரும் என்பதில் ஜெர்மனியும் அடக்கம்.

நடுநிலையைக் கொன்றது யார்

போர் முழுதும் லக்ஸம்பர்க் ஆக்கிரமிப்பில் இருந்தது, ஆனால் அரசு கலையவில்லை. அமைச்சரவை கூடியது, நாடாளுமன்றம் நடந்தது, நாங்கள் இன்னும் நடுநிலைதான் என்றது. 1914 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சில வாரங்கள் ஜெர்மன் தலைமைப் படை நிலையமே லக்ஸம்பர்க் நகரில் இயங்கியது, பிரான்ஸில் நடந்த மார்ன் போரின் தோல்வியை ஜெர்மன் படைத் தலைவர் மோல்ட்கே அங்கிருந்துதான் பார்த்தார். கெய்சரை கிராண்ட் டச்சஸ் அரண்மனையில் வரவேற்றது பின்னாளில் பெரும் குற்றச்சாட்டானது. எய்ஷன் 1915-இல் இறந்தார். 1919 ஜனவரியில் மரி-அடெலாய்ட் முடி துறந்தார், தங்கை ஷார்லட் வந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 28 பொதுவாக்கெடுப்பில் சுமார் 78 சதவீதத்தினர் ஷார்லட்டுக்கு வாக்களித்ததால் அரச குடும்பம் தப்பியது.

இதற்கிடையில் ஜெர்மனியோடு போரை முடித்த 1919 வெர்சாய் உடன்படிக்கை நாற்பதாம் ஷரத்தில் லக்ஸம்பர்க்கைத் தொட்டது. 1842, 1867, 1872, 1902 ஒப்பந்தங்களின் பலன்களை ஜெர்மனி துறக்கிறது, 1919 ஜனவரி 1 முதல் லக்ஸம்பர்க் சுங்க ஒன்றியத்தில் இல்லை, ரயில் உரிமைகள் முடிந்தன, கிராண்ட் டச்சியின் நடுநிலை ஏற்பாடு முடிவுக்கு வருவதை ஜெர்மனி ஏற்கிறது. ஆஸ்திரியாவும் செயின்ட் ஜெர்மைன் உடன்படிக்கையில் அதையே ஒப்புக்கொண்டது. ஆனால் வெர்சாயில் லக்ஸம்பர்க் கையெழுத்திடவில்லை, அதை அழைக்கவே இல்லை. மூன்றாம் நாட்டை அதன் சம்மதமில்லாமல் ஒரு உடன்படிக்கை கட்டுப்படுத்தாது என்பது பன்னாட்டுச் சட்டத்தின் அரிச்சுவடி. 1867-இல் கையெழுத்திட்ட எட்டு நாடுகளும் மறுபடி கூடி அதை ரத்து செய்ததும் இல்லை. ஆஸ்திரியப் பேரரசு சிதறிவிட்டது, புரட்சிக்குப் பின் ரஷ்யா சமாதான மேசையிலேயே இல்லை. ஜெர்மனி முடிந்தது என்று ஒப்புக்கொண்டது, லக்ஸம்பர்க் முடியவில்லை என்றது. இரண்டு தரப்பும் தத்தம் காகிதத்தைக் காட்ட முடிந்தது.

1920-இல் உலக நாடுகள் சங்கத்தில் சேர லக்ஸம்பர்க் விண்ணப்பித்தபோது கேள்வி நேராக எழுந்தது. சங்கத்தின் 16-ஆம் ஷரத்து, விதிமீறிய நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கவும் சங்கத்தின் சார்பில் போகும் படைக்கு வழி விடவும் உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்தியது. சுவிட்சர்லாந்துக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் லண்டன் அறிவிப்பு தனிச்சலுகை கொடுத்தது: தடையில் சேர வேண்டும், படைக்கு வழிவிட வேண்டியதில்லை. அந்தச் சலுகை லக்ஸம்பர்க்குக்குக் கிடைக்கவில்லை. அரசியலமைப்பைத் திருத்திக்கொள்கிறோம் என்ற வாக்கின் பேரில் டிசம்பர் 16 அன்று உறுப்பினரானது. திருத்தம் நிறைவேறவே இல்லை. சங்கத்தில் உறுப்பினர், அரசியலமைப்பில் நிரந்தர நடுநிலை என்று இரண்டு தோணியில் இருபது ஆண்டு ஓடியது. 1921-இல் பெல்ஜியத்தோடு பொருளாதார ஒன்றியம் ஏற்பட்டது. வாக்கெடுப்பில் மக்கள் கேட்டது பிரான்ஸை, பிரான்ஸ்தான் மறுத்துவிட்டது.

இரண்டாம் முறை நடுநிலையைத் தீவிரமாகவே காத்தார்கள். 1939 ஆகஸ்ட் 26 அன்று ஜெர்மனி நடுநிலையை மதிப்பதாக உறுதி சொன்னது. போர் தொடங்கியதும் லக்ஸம்பர்க் நடுநிலை அறிவித்தது, எந்தத் தரப்பும் குறை சொல்லக் கூடாதென்று செப்டம்பர் 21 அன்று புகழ்பெற்ற ரேடியோ லக்ஸம்பர்க் ஒலிபரப்பையே நிறுத்தியது. எல்லைச் சாலைகளில் கான்கிரீட் தடுப்புகளும் இரும்புக் கதவுகளும் வைத்தார்கள். 1940 மே 10 விடியலில் ஜெர்மன் படை அவற்றைத் தாண்டி உள்ளே வந்தது. இந்த மூன்று நாடுகளின் மீதான படையெடுப்புக்கு, அதாவது பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் மீதானதற்கு, எந்த நியாயமும் இல்லை, அது ஆக்கிரமிப்புப் போர் என்று நியூரம்பெர்க் தீர்ப்பாயம் பின்னர் தீர்ப்புச் சொன்னது.

1914-க்கும் 1940-க்கும் இடையே பெரிய வேறுபாடு, இம்முறை கிராண்ட் டச்சஸும் அமைச்சர்களும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. பிரான்ஸ், போர்ச்சுகல் வழியாக வெளியேறி லண்டனிலும் கனடாவிலும் நாடுகடந்த அரசு நடத்தினார்கள். 1942 ஜனவரி 1 அன்று ஐக்கிய நாடுகள் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். எதிரிக்கு எதிராகத் தன் ராணுவ, பொருளாதார வளம் முழுவதையும் பயன்படுத்துவதாக வாக்குக் கொடுக்கும் ஆவணம் அது. நிரந்தர நடுநிலை உண்மையில் முடிந்தது அந்தக் கையெழுத்தில்தான் என்பேன், வெர்சாயில் அல்ல. உள்ளே, நாஜி நிர்வாகம் 1942 ஆகஸ்டில் லக்ஸம்பர்க் இளைஞர்களை ஜெர்மன் ராணுவத்துக்குக் கட்டாயமாகச் சேர்க்க உத்தரவிட்டது. பொது வேலைநிறுத்தம் வெடித்தது, மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழுத்துப் போனார்கள்.

விடுதலைக்குப்பின் காரியங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1944 நவம்பர் 30 அன்று கட்டாய ராணுவ சேவை வந்தது. 1945-இல் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்து, அதே ஆண்டு தோற்ற ஜெர்மனியின் பிட்பர்க் பகுதியில் லக்ஸம்பர்க் படை ஆக்கிரமிப்புப் படையாகப் போய் நின்றது. அப்போதும் அரசியலமைப்பின் முதல் ஷரத்து ‘நிரந்தர நடுநிலை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 1948 மார்ச் 17 அன்று பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்தோடு பிரசெல்ஸ் பாதுகாப்பு உடன்படிக்கை. ஏப்ரல் 28 அன்றுதான் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன. சுதந்திரமான, பிரிக்க முடியாத நாடு என்பதோடு வாக்கியம் நின்றது.

1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் வடஅட்லாண்டிக் உடன்படிக்கையில் வெளியுறவு அமைச்சர் ஜோசப் பெக் கையெழுத்திட்டார். அதன் ஐந்தாம் ஷரத்து, ஒரு உறுப்பினர் தாக்கப்பட்டால் மற்றவர் ஒவ்வொருவரும் தனித்தும் பிறரோடு சேர்ந்தும் உதவ வேண்டும் என்கிறது. 1867-இல் இல்லாத ‘தனித்தும்’ இதில் இருக்கிறது. உதவி எப்படிப்பட்டது என்பதை மட்டும், ஒவ்வொரு நாடும் தான் தேவையென்று கருதும் நடவடிக்கை என்று எழுதி, அந்தந்த நாட்டிடமே விட்டிருக்கிறார்கள்.